நெடுந்தீவுப் படகின் ஆறாவது சிலிண்டர்: பழைய டீசல் எஞ்சின் ஒன்றைத் திருத்திய நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணத்திலிருந்து தீவகம் நோக்கிப் போகும் வீதி புங்குடுதீவின் மேற்குக் கரையில், குறிகட்டுவான் இறங்குதுறையோடு முடிகிறது. அதற்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். நயினாதீவு கிட்ட. நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேர ஓட்டம், சோளகம் பலமாக வீசும் மாதங்களில் அதற்கும் மேல். இங்கே சொல்லப்படுகிற படகு அந்தப் பாதையில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றுகிற, ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான மரப்படகு. போகும்போது அரிசி, சீமெந்து, காஸ் சிலிண்டர். வரும்போது யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், லீவில் வீடு போகும் ஆசிரியர்கள். மீன்பிடி வள்ளத்தில் எஞ்சின் நின்றால் வலையோடு இரண்டு பேர் தத்தளிப்பார்கள். இதில் நின்றால் குழந்தைகளும் நோயாளிகளும் கடலில் நிற்பார்கள். பின்னால் எடுத்த முடிவுகளில் பாதி இந்த ஒரு காரணத்தால் எடுக்கப்பட்டவை.

எஞ்சின் பெர்கின்ஸ் 6.354. பெயரிலேயே விபரம் இருக்கிறது: ஆறு சிலிண்டர், 354 கன அங்குலம், அதாவது 5.8 லீற்றர். சிலிண்டர் விட்டம் 98.4 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 127 மில்லிமீற்றர். 1960களில் லொறி, உழவு இயந்திரம், படகு எல்லாவற்றுக்கும் போன வடிவம் இது. சிலிண்டருக்குள் செருகியிருக்கும் உருளைகளான லைனர்கள் உலர் வகை. கூலிங் தண்ணீர் லைனரை நேரே தொடாது, பிளாக்கின் சுவரைத்தான் தொடும்.

கூலிங் இரண்டு சுற்றாக நடக்கிறது. எஞ்சினுக்குள் நன்னீர் ஓடுகிறது. அந்த நன்னீரை ஒரு கூலருக்குள் கடல்நீர் குளிரவைக்கிறது. வேலை முடிந்த கடல்நீர் கடைசியில் புகைபோக்கியின் வளைகுழாயான எல்போவுக்குள் விழுந்து, புகையையும் குளிரவைத்துக்கொண்டு பின்பக்கத்தால் வெளியே போகும். சூடான புகையும் உப்புத் தண்ணீரும் ஒரே இடத்தில் சந்திக்கிற துண்டு அந்த எல்போ ஒன்றுதான்.

குடும்பத்தார் சொன்னபடி எஞ்சின் எண்பதுகளில் பாவித்த நிலையில் வாங்கப்பட்டது. இலக்கத் தகட்டை உப்புத் தின்றுவிட்டதால் வேறு எதையும் உறுதிப்படுத்த வழியில்லை. தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்த காலத்தில், டீசல் கிடைக்காத நாட்களில் மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஒயில் கலந்து ஓட்டினார்கள். குடாநாட்டில் அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் இந்த எஞ்சினிலுள்ள சி.ஏ.வி. டி.பி.ஏ. எரிபொருள் பம்புக்குத் தனியாக ஒயில் இல்லை. உள்ளே வரும் எரிபொருள்தான் அதற்கு மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது. 2022 தட்டுப்பாட்டின்போது கலன்களில் கிடைத்த டீசலை வடிக்காமல் ஊற்ற வேண்டி வந்தது இன்னொரு அடி.

முதலில் தெரிந்தவை

2023 மாசிக் கடைசியில் படகுச் சொந்தக்காரர் எங்கள் பட்டறைக்கு வந்து சொன்னார். காலையில் ஸ்டார்ட் பிடிக்கச் சுணங்குகிறது, பிடித்ததும் வெள்ளைப் புகை, ஓடத் தொடங்கியபின் நீலப் புகை, பாரம் ஏற்றினால் இழுவை இல்லை. வேறொரு இடத்தில் காட்டியபோது எஞ்சின் முடிந்துவிட்டது, மாற்றுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வயதைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்லுவார்கள்.

ஆனால் பல வருடம் அந்தப் படகை ஓட்டிய தண்டயல், அதாவது படகோட்டி, சொன்ன ஒரு விஷயம் அந்த முடிவோடு பொருந்தவில்லை. “ஒரு பக்கம் ஒயில் குடிக்குது. மற்றப் பக்கம் டிப்ஸ்டிக்கிலை ஒயில் ஏறுது. ரெண்டும் ஒண்டா எப்பிடித் தம்பி வரும்?”

தேய்ந்த எஞ்சின் ஒயிலை எரிக்கும். அதன் ஒயில் மட்டம் ஏறாது. ஏறுகிறதென்றால் வேறு ஏதோ சம்புக்குள், அதாவது எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டிக்குள், இறங்குகிறது. அது டீசலாக இருக்கலாம், நன்னீராக இருக்கலாம், கடல்நீராக இருக்கலாம். மூன்றுக்கும் வழி வேறு, வைத்தியமும் வேறு.

பரிசோதனைகள்

எஞ்சினை ஓர் இரவு அசையாமல் விட்டு, காலையில் சம்பின் அடித் திருகை மெல்லத் தளர்த்தினோம். ஒயிலை விடத் தண்ணீர் கனம். இருந்தால் அதுதான் முதலில் வரும். கறுப்பு ஒயில் வருவதற்கு முன்னால் ஒரு தேநீர்க் கோப்பை அளவு கலங்கல் தண்ணீர் வந்தது. டீசல் மணம் இல்லை.

அடுத்தது, அது எந்தத் தண்ணீர் என்பது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து ஓர் ஆசிரியர் கொஞ்சம் வெள்ளி நைத்திரேற்றும் நைத்திரிக் அமிலமும் தந்து உதவினார். உப்பு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். யாழ்ப்பாணத்தில் இந்தச் சோதனையை அப்படியே நம்பக்கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது, தீவகத்தில் சொல்லவே வேண்டாம். அதனால் சம்பிலிருந்து வந்த தண்ணீரையும் எஞ்சினின் நன்னீர்த் தொட்டித் தண்ணீரையும் வடித்து, இரண்டையும் ஒரே அளவாக நூறு மடங்கு ஐதாக்கி, அமிலம் ஒரு சொட்டு விட்டபின் சோதித்தோம். தொட்டித் தண்ணீரில் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிகிற ஒரு மங்கல். சம்புத் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. சம்புக்குள் இறங்கியது கடல்நீர்.

கடல்நீர் சம்புக்கு வர மூன்று வழிகள்தான் உண்டு. கடல்நீர் பம்பின் சீல் போய், இரண்டு சீலுக்கும் இடையிலுள்ள கசிவுத் துளையும் அடைபட்டிருந்தால், தண்ணீர் தண்டு வழியாக டைமிங் பெட்டிக்குள் போகும். ஒயில் கூலரின் குழாய் ஓட்டையானால் போகும். அல்லது புகைபோக்கி வழியாகத் திரும்பி வந்து, திறந்திருக்கும் வால்வால் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் தாண்டிக் கீழே போகும். பம்பின் கசிவுத் துளை பெயின்ற் பூசி அடைபட்டிருந்தது. இது அடிக்கடி காண்கிற விஷயம், எஞ்சினுக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள் தயவுசெய்து அந்தத் துளையை விட்டுவிட வேண்டும். ஆனால் துளையைக் குத்தித் திறந்தபின் ஓட்டிப் பார்த்தபோது அதிலிருந்து சொட்டு வரவில்லை. ஒயில் கூலரைக் கழற்றிக் காற்றழுத்தம் கொடுத்தோம், தாங்கியது. மிஞ்சியது புகைபோக்கி.

கம்பிரஷன் பார்த்தோம். முதல் நான்கு சிலிண்டர்களும் 360 முதல் 380 பி.எஸ்.ஐ. வரை. ஐந்தாவது 290. ஆறாவது 220. ஒயில் விட்டு மறுபடி பார்ப்பது பெற்றோல் எஞ்சினுக்குச் சரி. டீசலில் பிஸ்டனுக்கு மேல் இருக்கும் இடம் மிகக் குறைவு, விட்ட ஒயிலே அழுத்தத்தை ஏற்றிக் காட்டிவிடும். அதனால் எரிபொருள் தெளிக்கும் நொசில் இருந்த துளை வழியாகக் காற்று ஏற்றிக் காது கொடுத்துக் கேட்டோம். ஆறாவதில் ஒயில் ஊற்றும் மூடியிலும் இரைச்சல், புகைபோக்கியிலும் இரைச்சல். அதாவது ரிங்காலும் கசிகிறது, எக்ஸோஸ்ட் வால்வாலும் கசிகிறது. நன்னீர்த் தொட்டியில் குமிழி இல்லை, ஆகவே பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் இன்னும் பிடித்திருந்தது.

வெப்பமானி சொல்லாத சூடு

டாஷ்போட்டிலுள்ள மானி ஓட்டம் முழுக்க 82 பாகை காட்டியது. தண்டயல் அதைப் பார்த்துத்தான் எஞ்சின் சூடாகவில்லை என்று நம்பியிருந்தார். ஆனால் மானியின் உணரி எஞ்சினின் முன்பக்கம், தேர்மோஸ்டாட் கூட்டில் இருக்கிறது. பாரத்தில் ஓடும்போது கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியால் ஹெட்டின் பக்கவாட்டில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேராக அளந்தோம். முன்னாலிருந்து பின்னாக 81, 82, 84, 87, 95, 104.

இந்த ஆறு எண்களும்தான் மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு அதிகம் சொன்னவை. எஞ்சின் முழுவதும் ஒரே மாதிரித் தேயவில்லை. பின்பக்கம் மட்டும் தனியாக வெந்துகொண்டிருந்தது. படகில் எஞ்சின் மட்டமாக நிற்பதில்லை. புரொப்பெல்லர் தண்டின் சரிவுக்கு ஏற்ப பிளைவீல் பக்கம் தாழ்ந்திருக்கும். தண்ணீர்ப் பம்பு முன்னால். ஆகவே பம்புக்குத் தூரமானதும் ஆறாவது சிலிண்டர்தான், தாழ்வானதும் அதுதான். தண்ணீரில் வரும் எந்த மண்டியும் அங்கேதான் போய் இருக்கும். புகைபோக்கியின் வாயும் இந்த எஞ்சினில் பின்பக்கம். சூடு, உப்பு இரண்டும் ஒரே சிலிண்டரில் வந்து சேர்ந்திருந்தன.

ஓட்டத்தை நிறுத்தும் முடிவு

நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா ஆனியில். குறிகட்டுவானில் படகு வைத்திருப்பவர்களுக்கு வருடத்தின் பெரிய உழைப்பு அந்த நாட்களில்தான். சொந்தக்காரர் கேட்டது நியாயமான கேள்வி: “திருவிழா முடியுமட்டும் ஓடட்டும் அண்ணை, அதுக்குப் பிறகு கழட்டுவம்.”

மூத்த மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. “சனத்தை ஏத்திக்கொண்டு இதோடை போகேலாது தம்பி. எஞ்சின் போனா இன்னொண்டு வாங்கலாம், சனத்தை வாங்கேலாது.”

அவர் சொன்ன காரணத்தை விரிவாகவே எழுத வேண்டும். தண்ணீரை நசுக்க முடியாது. நின்றிருக்கும்போது ஆறாவது சிலிண்டரில் தண்ணீர் சேர்ந்து, அதன்மேல் ஸ்டார்ட்டரை அடித்தால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கொன்ரொட் வளையும். வளைந்த ரொட் அன்றைக்கே உடையாது. பல மணிநேரம் ஓடியபின், பாரத்தில், பெரும்பாலும் கடல் மோசமாக இருக்கிற நாளில் உடையும். உடைந்தால் பிளாக்கின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பிறகு திருத்த எஞ்சின் என்று ஒன்று இருக்காது. பயணிகளின் பாதுகாப்பும் சொந்தக்காரரின் பணமும் இந்த இடத்தில் ஒரே பக்கம் நின்றன. அதைச் சொன்னபின் அவர் மறுக்கவில்லை.

படகைத் துறையில் கட்டி நிறுத்திய அன்றே ஒயிலை முழுவதும் வடித்து, டீசல் கலந்த புது ஒயில் ஊற்றி, நொசில்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினோம். ஆறாவது சிலிண்டருக்குள் ஒயில் பீய்ச்சினோம். உப்புத் தண்ணீர் பட்ட எஞ்சினை முடிவெடுக்கும்வரை சும்மா போட்டுவைத்தால் துரு முடிவெடுத்துவிடும்.

எதைச் செய்வது

மூன்று தெரிவுகள் இருந்தன. புது மரைன் எஞ்சின் விலையில் எட்டாதது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் லொறி எஞ்சின் ஒன்றை ரீகண்டிஷனாக எடுத்து மரைனுக்கு மாற்றுவது இரண்டாவது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள், பலருக்கு நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் எஞ்சின் விலையோடு அது முடிவதில்லை. கியர்பொக்ஸ் பொருத்தும் வளையம், எஞ்சின் படுகை, தண்ணீரால் குளிரும் மனிஃபோல்ட், சுழற்சி வேகம் மாறுவதால் புரொப்பெல்லர் என்று ஒவ்வொன்றாக வரும். கூட்டிப் பார்த்தபோது, பிளாக் நல்லதாக இருந்தால் இதையே திருத்துவது அந்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கும் என்று தெரிந்தது. இந்த வகை எஞ்சின் மாசி பேர்கசன் போன்ற பண்ணை இயந்திரங்களிலும் ஓடியதால் லைனர், பிஸ்டன், பெயரிங் இன்றைக்கும் கிடைக்கின்றன.

இன்னொரு காரணம் எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் பட்டது. புது எஞ்சினை வைத்தாலும் அதே எல்போவும் அதே தண்ணீரும்தான் அதற்கும். இந்த எஞ்சினைக் கெடுத்ததைக் கண்டுபிடிக்காமல் வேறொன்றை வைத்தால் அதையும் அதுவே கெடுக்கும். பிளாக்கில் வெடிப்பு இருந்தால் கைவிடுவது, இல்லாவிட்டால் திருத்துவது என்று உடன்பட்டுக் கழற்றத் தொடங்கினோம்.

கழற்றியபோது

அரைத் தொன்னுக்கு மேல் கனம். பனங்குற்றி முக்காலியில் செயின் புளொக் மாட்டி, மேல்தளப் பலகையை ஓடாவியார் கழற்றித் தந்தபின் தூக்கினோம்.

ஹெட்டைத் தூக்கியதும் பிஸ்டன்களை மேலே கொண்டுவந்து, பிளாக்கின் முகத்திலிருந்து உயரம் அளந்தோம். ஐந்து பிஸ்டன்கள் ஒரே மட்டம். ஆறாவது 0.25 மில்லிமீற்றர் தாழ்வு. ரொட் வளைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத வளைவு, ஆனால் வளைவுதான். எப்போதோ ஒரு காலையில் தண்ணீரின்மேல் ஸ்டார்ட் அடித்திருக்கிறது. திருவிழாவுக்கு ஓட்டியிருந்தால் இந்த ரொட்டோடுதான் ஓடியிருக்கும்.

ஆறாவதின் எக்ஸோஸ்ட் வால்வு இருப்பிடம் துருவேறிக் குழிந்திருந்தது. புகை வாய்க்குள் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வழிந்த தடம், எல்போ பக்கத்திலிருந்து வால்வு வரை. எல்போவின் இரு வாயையும் அடைத்து, தண்ணீருக்குள் அமிழ்த்திக் காற்று கொடுத்தபோது உட்சுவரிலிருந்து குமிழிகள் வந்தன. அறுத்துப் பார்த்தோம். வெளிப்பக்கம் பெயின்றோடு நல்லாகவே இருந்தது. புகைக்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள சுவர் கடுதாசி போல மெலிந்து, ஊசித் துளைகள் விழுந்திருந்தன.

அதுமட்டும் இல்லை. எல்போவில் தண்ணீர் விழும் இடம் வெளிநீர் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று படகில் அளந்தோம். வெறும் படகில் 24 சென்ரிமீற்றர். மணல் மூட்டை ஏற்றி, வழக்கமான பாரத்துக்குக் கொண்டுவந்து அளந்தால் 9. முழுப் பாரத்தில் 15 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் தண்ணீர் தானாக எஞ்சினுக்குள் இழுபடாமல் காற்றை விடும் சைபன் உடைக்கும் வால்வு கட்டாயம் வேண்டும் என்பது படகு வேலையில் பொதுவான நடைமுறை. இந்தப் படகில் அது இல்லை. முதலில் தேவையும் இருந்திருக்காது. சில வருடங்களுக்கு முன் உடம்பு முழுக்க ஃபைபர் போர்த்தியபோது படகு கனத்துத் தாழ்ந்தது. எல்போவின் உயரத்தை அப்போது யாரும் திரும்ப அளக்கவில்லை.

லைனர்களைக் கழற்றினோம். மேல் ரிங் நிற்கும் இடத்தில் முதலாவதின் தேய்வு 0.14 மில்லிமீற்றர், ஆறாவதின் தேய்வு 0.38. பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் அறைகளை அடைத்திருக்கும் கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்தபோது பின் இரண்டிலும் தண்ணீர் ஓடும் அறையே தெரியவில்லை. சாம்பல் நிறக் கல். சுரண்டி எடுத்த செதிள் ஒன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்பு.

அது எங்கள் கிணற்றுத் தண்ணீர் தந்த கல். குடாநாடு மயோசீன் காலச் சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்குத் தண்ணீர் வருகிறது. சூடானதும் அது கல்சியம் காபனேற்றாகத் திரும்பப் படிகிறது. வீட்டுக் கேத்திலின் அடியில் படிவதும் இதுதான். இந்தப் படிவு வார்ப்பிரும்பு கடத்துகிற சூட்டில் இருபதில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. தொட்டியில் தண்ணீர் குறைந்தபோதெல்லாம் துறையில் கிடைத்த கிணற்றுத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில், கவனமாக, வருடக்கணக்கில்.

காரணச் சங்கிலி

இப்போது எல்லாம் ஒரு வரிசைக்கு வந்தன. பின் சிலிண்டர்களைச் சுற்றிக் கல் படிந்து அவை தனியாகச் சூடேறின. சூட்டில் ரிங்குகள் கரிபிடித்து இறுகின, கம்பிரஷன் குறைந்தது, ஒயில் எரிந்தது. கம்பிரஷன் குறைந்ததால் ஸ்டார்ட் பிடிக்கச் சுணங்கியது, நீண்ட நேரம் ஸ்டார்ட்டரை அடிக்க வேண்டி வந்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது கடல்நீர் பம்பும் சுற்றும். ஆனால் எஞ்சின் பிடிக்காதவரை அந்தத் தண்ணீரை வெளியே தள்ளப் போதிய புகை இல்லை. அது சைலன்சரில் நிரம்பி, தாழ்ந்த எல்போ வழியாகவும் துளை விழுந்த சுவர் வழியாகவும் ஆறாவது சிலிண்டருக்குத் திரும்பியது. அங்கே துரு. துருவால் கம்பிரஷன் இன்னும் குறைவு. அடுத்த நாள் இன்னும் நீண்ட நேரம் ஸ்டார்ட்டர். தண்டயல் கேட்ட கேள்விக்கான பதில் இதுதான்: ஒயில் எரிந்ததும் உண்மை, மட்டம் ஏறியதும் உண்மை.

திருத்தம்

படிவை அகற்ற ஐதரோகுளோரிக் அமிலம் விரைவாக வேலை செய்யும், இரும்பையும் சேர்த்துத் தின்னும். சிற்றிக் அமிலத்தை இளஞ்சூடான தண்ணீரில் கரைத்து, நுரைப்பு அடங்க அடங்க மாற்றி மாற்றி ஊற்றினோம். இடையிடையே வளைத்த கம்பியால் குத்தி மண்டியை வெளியே எடுத்தோம். கடைசியில் அப்பச்சோடாக் கரைசலால் கழுவி, உடனே காயவைத்து ஒயில் பூசினோம். பொறுமை வேண்டிய வேலை. அவசரப்பட்டிருந்தால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

சாய ஊடுருவல் சோதனையில் பிளாக்கிலும் ஹெட்டிலும் வெடிப்பு இல்லை. ஆறாவது லைனரின் விளிம்பு உட்காரும் படி மட்டும் அரிபட்டுத் தாழ்ந்திருந்தது. அப்படியே விட்டால் கேஸ்கெட் அங்கே இறுகாது. படியைச் சீராக வெட்டி, மெல்லிய உருக்கு வளையம் வைத்து மட்டத்துக்குக் கொண்டுவந்தோம்.

ஆறாவது ரொட்டின் கிராங்க் இருக்கையில் தண்ணீர்க் குழிகள் இருந்ததால் கிராங்க் 20 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு) கீழளவுக்கு அரைக்கப்பட்டது. திரும்பி வந்தபோது அளவுகள் எல்லாம் சரி. ஆனால் ஒரு இருக்கையின் ஓரத்தில் இருக்க வேண்டிய வளைவு இல்லாமல் கூர்மூலையாக வெட்டப்பட்டிருந்தது. விரல் நகத்தை வைத்து இழுத்தாலே தெரிந்தது. கிராங்க் உடைவது அந்த மூலையில்தான் தொடங்கும். திருப்பிக் கொடுத்துச் சரிசெய்து வாங்கினோம். அரைத்து வரும் கிராங்கில் மைக்ரோமீற்றரோடு நிற்காமல் மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

ஆறு லைனர், ஆறு பிஸ்டன், ரிங், பெயரிங் எல்லாம் புதிது. நான்கு சிலிண்டர் பெர்கின்ஸ் 4.236க்கும் இதே விட்டமும் ஓட்டமும்தான். கடையில் அதன் பிஸ்டனைத் தரப் பார்ப்பார்கள். விட்டம் ஒன்றென்பதால் மட்டும் அதைப் போடக்கூடாது, பாக இலக்கம் பொருந்த வேண்டும். ஆறாவது ரொட்டுக்குக் கழற்றிய எஞ்சின் ஒன்றிலிருந்து எடுத்த ரொட்டை வெடிப்புச் சோதித்து, மற்ற ஐந்தோடு நிறை ஒப்பிட்டுப் பொருத்தினோம். எரிபொருள் பம்பும் நொசில்களும் பம்பு திருத்தும் இடத்துக்குப் போய் வந்தன.

எல்போ 316 எல் துருப்பிடிக்கா உருக்கில் புதிதாக ஒட்டப்பட்டது. பெயர் அப்படி இருந்தாலும் சூடான உப்புத் தண்ணீரில் அதுவும் குழி விழும். அதனால் சுவர் தடிப்பாக எடுத்து, உள்ளே பார்க்கக் கழற்றக்கூடிய மூடியோடு செய்வித்தோம். தண்ணீர் விழும் இடத்தை முழுப் பாரத்திலும் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வரும்படி உயர்த்தி, சைபன் உடைக்கும் வால்வையும் வைத்தோம்.

ஓட்டிப் பார்த்தது

முதல் ஸ்டார்ட்டில் ஒயில் அழுத்தம் உடனே ஏறியது. சூடான பின் முழு வேகத்தில் 45 பி.எஸ்.ஐ. இந்த எஞ்சினுக்கு 30க்குக் கீழே போகக்கூடாது. புது ரிங்கை வெறும் ஓட்டத்தில் நீண்ட நேரம் விட்டால் லைனர் பளபளத்து ரிங் பிடிக்காமல் போகும். ஆகவே துறையில் சும்மா ஓடவிடாமல் மிதமான பாரத்தில் ஓட்டினோம்.

திருவிழா தொடங்கியிருந்தது. சொந்தக்காரர் நேரே சனத்தை ஏற்ற விரும்பினார். சாமான் ஓட்டம் முதலில், பிறகு ஹெட் போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கி வால்வு இடைவெளி பார்த்து, அதன் பின்தான் பயணிகள் என்று நாங்கள் நின்றோம். முதல் சில நாட்கள் அவருக்கு இழப்புத்தான். மறு இறுக்கத்தில் ஆறாவதைச் சுற்றிய போல்ட்டுகள் மற்றவற்றை விடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பின. அதற்குப் பிறகு அசையவில்லை.

அதே இடங்களில் மறுபடி வெப்பம் அளந்தோம்: 81, 81, 82, 83, 84, 85.

பின்னர்

அடுத்த வாடைக்காலம் வரை ஒயில் மட்டம் ஏறவில்லை, சம்பிலிருந்து தண்ணீர் வரவில்லை. காலையில் பிடிக்கச் சுணங்குவதும் இல்லை. கிராங்கின் பின் சீல் இந்த எஞ்சினில் பழைய கயிற்று வகை. அதில் மெல்லிய கசிவு இருக்கிறது. ஒரு தட்டு வைத்து அளந்து வருகிறோம், கூடவில்லை.

மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தாம் அரிபட வைத்த, கூலருக்குள் இருக்கும் சிங்க் கட்டைகளை முதல் முறை திறந்தபோது பாதி கரைந்திருந்தன. அவை கரைவதுதான் அவற்றின் வேலை. கரையாமல் இருந்தால்தான் இணைப்பைப் பார்க்க வேண்டும். திருத்துவதற்கு முன் கூலரில் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பித்தளைத் திருகுதான் இருந்தது.

இனி மாறுபவை

நன்னீர்த் தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் இனி இல்லை. உப்பும் கல்லும் வடித்த ஆர்.ஓ. தண்ணீர் இப்போது யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் வாங்கலாம். அதில் கூலன்ட் கலந்து ஒரு கலன் எப்போதும் படகில் இருக்கிறது. இங்கே பனி உறைவதில்லை, கூலன்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். அதிலுள்ள துருத் தடுப்பானுக்காகத்தான்.

ஸ்டார்ட் உடனே பிடிக்காவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு அடிப்பது, பிடித்த கையோடு திறப்பது. ஸ்டார்ட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் தண்டயல் தன் கையால் பெயின்றில் எழுதி வைத்திருக்கிறார். திறக்க மறந்தால் பம்பின் இம்பெல்லர் போய்விடும் என்பதால் அந்த வரியும் கீழே இருக்கிறது.

இப்படி ஒரு எஞ்சின் அடுத்த முறை பட்டறைக்கு வந்தால் கம்பிரஷனுக்கு முன்பே சிலிண்டர் வாரியாக வெப்பம் அளப்பதும், முழுப் பாரத்தில் எல்போ உயரம் அளப்பதும் முதல் நாளே செய்யப்படும். எதையும் கழற்றத் தேவையில்லாத வேலைகள் அவை. ஃபைபர் போர்த்திய படகு என்றால் உயர அளவு கட்டாயம்.

சொந்தக்காரரின் உறவினர் ஒருவரின் படகிலும் இதே வகை எஞ்சின் நிற்கிறது. அதை அளந்தபோது பின் சிலிண்டர் முன்னதை விட 11 பாகை கூட. ரிங் இன்னும் நல்லாக இருப்பதால் எஞ்சினைத் தூக்காமல் கோர் பிளக்குகளைக் கழற்றிப் படிவை மட்டும் கரைப்பதென்று முடிவாகியிருக்கிறது. வாடையில் ஓட்டம் குறையும்போது அந்த வேலையும், முதல் படகைக் கரையேற்றிப் பின் சீலை மாற்றும் வேலையும் ஒன்றாக நடக்கும்.